பதிப்பகம் போடாத நாவல்கள்: உங்கள் கம்ப்யூட்டரில் படித்துப் பாருங்களேன்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம், "இதில் என்னவெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பையன் கேம் விளையாடுகிறான், கரண்ட் பில் கட்டுகிறோம் என்பார்கள். "நாவல் படிக்கிறோம்" என்று சொன்னவரை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் ஒரு நாவலின் ஃபைல் பெரும்பாலும் ஒரு சினிமாப் பாட்டைவிடச் சிறியது. டவுன்லோடு செய்யச் சில நொடிகள் போதும்.

என் வேலை சாப்ட்வேர் எழுதுவது. நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, இரவிலும் அதே ஸ்கிரீனில் கதை படிக்கிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. நான் படிப்பவற்றில் பாதிக்கு மேல் எந்தப் பதிப்பகமும் முதலில் வெளியிடாத புத்தகங்கள். எழுதியவரே டைப் செய்து, அவரே அட்டைப்படத்துக்கு ஆள் பிடித்து, அவரே இன்டர்நெட்டில் விற்பனைக்கு வைத்தவை. "பதிப்பகத்தார் வேண்டாம் என்று தள்ளியதைப் போய்ப் படிக்கிறாயே!" என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பதிப்பகம் ஒரு கதையை வேண்டாம் என்றால், அந்தக் கதை மோசம் என்று மட்டும் அர்த்தமில்லை. 'இது எந்த வகையிலும் சேரவில்லை', 'இவ்வளவு கணக்கு வந்தால் யார் படிப்பார்கள்?', 'இந்த ஆண்டு பட்டியல் நிறைந்துவிட்டது' என்றுகூட அர்த்தம் இருக்கலாம். அச்சடித்த புத்தகத்துக்குக் காகிதம், கிடங்கு, லாரி வாடகை எல்லாம் உண்டு. பதிப்பாளர் பயப்படுவது நியாயம்தான். ஃபைலுக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை. எனவே பயமும் இல்லை. சில நேரங்களில் புதுமையே அந்தப் பயமின்மையில்தான் பிறக்கிறது. சொல்லிக்கொண்டே போவதைவிட ஓர் உதாரணம் பார்த்துவிடலாம்.

செவ்வாய் கிரகத்தில் உருளைக்கிழங்கு

ஆண்டி வெயர் என்பவர் அமெரிக்காவில் எங்களைப் போல ஒரு புரோகிராமராக இருந்தவர். 2009-இல் தன் சொந்த வெப்சைட்டில் ஒரு நாவலை அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட ஆரம்பித்தார். செவ்வாய் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு விண்வெளி வீரனின் கதை. பெயர் 'தி மார்ஷியன்'. படித்தவர்களில் வேதியியல் தெரிந்தவர்கள் கணக்கில் தவறு கண்டுபிடித்து மெயில் அனுப்ப, வெயர் திருத்தினார். எங்கள் தொழிலில் இதற்கு பீட்டா டெஸ்டிங் என்று பெயர். எந்தப் பதிப்பகத்திலும் இத்தனை நிபுணர்கள் சம்பளமில்லாமல் புரூஃப் பார்க்க மாட்டார்கள்!

கதை முடிந்ததும் வாசகர்கள், "கிண்டிலில் படிக்கும்படி கொடுங்கள்" என்று கேட்டார்கள். 2011-இல் அமேசானில் ஏற்றினார். அங்கே இலவசமாக வைக்க வழியில்லை என்பதால், வைக்க முடிந்த மிகக் குறைந்த விலையான 99 சென்ட் வைத்தார். மூன்றே மாதத்தில் 35,000 பிரதிகள் விற்றன. அதன் பிறகுதான் பெரிய பதிப்பகம் தேடி வந்தது. 2014-இல் அச்சுப் புத்தகமும் 2015-இல் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் சினிமாவும் வந்தன. படம் பார்த்திருந்தாலும் நாவலைப் படியுங்கள். படத்தில் அவசரமாகக் கடந்து போகிற இடங்கள்தான் புத்தகத்தின் உயிர்.

அதில் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கதாநாயகன் மார்க் வாட்னியிடம் பூமியோடு பேச எந்தக் கருவியும் இல்லை. பாத்ஃபைண்டர் என்று நாசா நிஜமாகவே அனுப்பிய கலம் ஒன்று உண்டு. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் பேச்சை நிறுத்திவிட்டது. வாட்னி அதைத் தோண்டி எடுத்து உயிர் கொடுக்கிறான். ஆனால் அதில் அவனுக்குப் பயன்படுவது ஒரு கேமரா மட்டும்தான். பூமியில் இருப்பவர்கள் அந்தக் கேமராவைத் திருப்பலாம். அவ்வளவுதான். இதை வைத்து எப்படிப் பேசுவது?

கேமராவைச் சுற்றி ஆங்கில எழுத்துகளை அட்டையில் எழுதி நட்டு வைத்தால், நாசா ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பிக் காட்டும். ஆனால் 26 எழுத்து, ஒரு கேள்விக்குறி, மொத்தம் 27 அட்டை. 360 டிகிரியை 27-ஆல் வகுத்தால் ஓர் அட்டைக்கு 13 டிகிரி சொச்சம். கேமரா இந்த அட்டையைக் காட்டுகிறதா, பக்கத்து அட்டையைக் காட்டுகிறதா என்று குழப்பம் வரும். வாட்னி என்ன செய்கிறான்? கம்ப்யூட்டரின் ஹெக்ஸாடெசிமல் முறைக்குப் போகிறான். 0 முதல் 9 வரை பத்து, பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு. ஆக 16 குறிகள், ஒரு கேள்விக்குறி, 17 அட்டை போதும். ஓர் அட்டைக்கு 21 டிகிரி கிடைத்துவிடும். குழப்பம் இல்லை.

பதினாறு குறியை வைத்து எல்லா எழுத்தையும் எப்படிச் சொல்வது? இரண்டிரண்டாகச் சேர்த்தால் 256 வகை வந்துவிடும். ஆஸ்கி என்ற அட்டவணையில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பெரிய எச் எழுத்துக்கு 48, பெரிய ஐ எழுத்துக்கு 49. கேமரா 4, 8, 4, 9 என்று நான்கு முறை திரும்பினால் 'ஹாய்' என்று அர்த்தம்! உங்கள் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டும்போது உள்ளே நடப்பதும் ஏறக்குறைய இதேதான்.

படித்தபோது எனக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. வாட்னி தமிழனாக இருந்தால்? தமிழ் எழுத்துகள் ஆஸ்கியில் கிடையாது. யூனிகோடில்தான் உண்டு. அங்கே ஒவ்வொரு குறிக்கும் நான்கு இலக்கம். 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள். ஆக, கேமரா 20 முறை திரும்ப வேண்டும். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு முறை போதும். பாவம், நம்ம ஊர் விண்வெளி வீரர்!

இந்த நாவலில் குறை இல்லாமல் இல்லை. வாட்னியைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் கொஞ்சம் காகித பொம்மைகள்தான். தொடக்கத்தில் வரும் புயலும் நிஜத்தில் நடக்காது. செவ்வாயின் காற்று மிக மெல்லியது, ஆளைத் தூக்கி எறியும் வலு அதற்கு இல்லை. இதை வெயரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இருந்தாலும் தன் கழிவையே உரமாக்கி உருளைக்கிழங்கு பயிரிடும் அத்தியாயத்தைப் படித்த பிறகு, நம் ஆபீஸ் பிரச்சினைகள் எல்லாம் சின்னதாகத் தெரியும்.

முழு நாவலுக்கு நேரமில்லை என்பவர்களுக்கு, அதே வெயர் 2009-இல் எழுதிய 'தி எக்' என்ற சிறுகதை இருக்கிறது. இறந்துபோன ஒருவன் கடவுளைச் சந்திக்கிறான். கதை இரண்டு மூன்று பக்கம்தான். அவருடைய வெப்சைட்டிலேயே இலவசமாகப் படிக்கலாம். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் முடித்த பிறகு டீ குடிக்கத் தோன்றாது.

ஐ.டி. டிபார்ட்மென்ட்தான் வில்லன்

ஹ்யூ ஹோவி ஒரு பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 2011 ஜூலையில் 'வுல்' என்ற நீண்ட சிறுகதையை 99 சென்ட்டுக்கு அமேசானில் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். விளம்பரம் எதுவும் செய்யவில்லை. ஆனால் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது பரவியது. "அடுத்து என்ன?" என்று அவர்கள் கேட்கக் கேட்க அவர் தொடர்ந்து எழுதினார். எல்லாம் சேர்ந்து நாவலானது.

பூமிக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட ஒரு கோபுரம். மேலே போவதற்குப் பதில் கீழே கீழே போகும் மாடிகள். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே பிறந்து சாகிறார்கள். வெளியே விஷக்காற்று. வெளியே போக வேண்டும் என்று வாய் திறந்து கேட்பதே அங்கே பெரிய குற்றம். கேட்டால் அனுப்பிவிடுவார்கள், கேமரா கண்ணாடியைத் துடைத்துவிட்டுச் செத்துப்போ என்று. போகிறவர்கள் ஏன் கோபத்தில் துடைக்காமல் இருப்பதில்லை? அந்த ஒரு கேள்விதான் கதையின் சாவி. பதிலை நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்த நாவலில் தனிப்பட்ட மகிழ்ச்சி ஒன்று உண்டு. அந்தக் கோபுரத்தில் எல்லாரையும் ஆட்டிப்படைப்பது ஐ.டி. டிபார்ட்மென்ட்! சர்வர்களில் அழிக்கப்பட்ட பழைய ஃபைல்களை ஒரு பெண் மீட்டெடுப்பதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. 'டெலீட் செய்தால் ஃபைல் நிஜமாகவே போய்விடுகிறதா?' என்பது உங்களில் பலர் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்து ஒரு நாகரிகத்தையே கவிழ்த்திருக்கிறார் ஹோவி. தகவலைக் கையில் வைத்திருப்பவன்தான் ராஜா என்பதை இவ்வளவு பயமுறுத்தும்படி யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

வியாபாரத்திலும் ஆள் கெட்டிக்காரர். சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற பெரிய பதிப்பகம் வந்தபோது அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார். மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2023-இல் ஆப்பிள் டிவியில் 'சைலோ' என்ற பெயரில் தொடராக வந்தது இந்தக் கதைதான்.

வேறு சில நாவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானக் கதை என்றாலே வெடிகுண்டும் சண்டையும் என்று அலுத்தவர்களுக்கு பெக்கி சேம்பர்ஸ் எழுதிய 'தி லாங் வே டு எ ஸ்மால், ஆங்ரி பிளானட்'. 2012-இல் பொதுமக்களிடம் இன்டர்நெட்டில் நிதி திரட்டி எழுதி முடித்து, 2014-இல் தானே வெளியிட்டார். ஒரு பழைய விண்கலம், அதில் பல கிரகத்து ஆட்கள், புதிதாக வேலைக்குச் சேரும் ஒரு குமாஸ்தாப் பெண். கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. நல்ல மனிதர்களோடு நீண்ட ரயில் பயணம் போனதுபோல இருக்கும். அதேபோல டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜெண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்', 2022. போர் செய்து அலுத்துப்போன ஓர் அரக்கி, வாளை மாட்டி வைத்துவிட்டு காபிக்கடை திறக்கிறாள். காபி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில்! இதை எழுதியவர் முன்பு கம்ப்யூட்டர் கேம் உருவாக்கியவர்.

வாள் வீச்சு வேண்டும் என்பவர்களுக்கு எம். எல். வாங் 2019-இல் வெளியிட்ட 'தி ஸ்வார்ட் ஆஃப் கைகென்'. மலைக்கிராமத்தில் அடக்க ஒடுக்கமான இல்லத்தரசியாக இருக்கும் ஒரு தாய், தன் இளமைக்காலத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். மார்க் லாரன்ஸ் என்ற எழுத்தாளர் சொந்தப் பதிப்பு மாயாஜால நாவல்களுக்காக 2015-இல் தொடங்கிய போட்டி ஒன்று உண்டு. 300 புத்தகங்களை விமர்சகர்கள் பிரித்துப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019-ஆம் ஆண்டுப் போட்டியில் ஜெயித்தது இதுதான். அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றுப் பட்டியல்கள் நல்ல வழிகாட்டி.

விஞ்ஞானமும் வேண்டாம், அரக்கியும் வேண்டாம் என்றால் லிசா ஜெனோவாவின் 'ஸ்டில் ஆலிஸ்'. மூளை நரம்பியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், 2007-இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். ஐம்பது வயதில் அல்சைமர் நோய் வந்த ஒரு பேராசிரியையின் கதை. ஞாபகம் இருக்கிறதா என்று சோதிக்க, தினமும் காலையில் பதில் சொல்லும்படி தன் கைப்பேசியிலேயே கேள்விகளைப் போட்டு வைத்துக்கொள்கிறாள் ஆலிஸ். நாளாக ஆக அந்தப் பதில்கள் மாறுவதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவசியம் படியுங்கள். இதன் படத்தில் நடித்ததற்காக ஜூலியன் மூர் ஆஸ்கார் வாங்கினார்.

ஆங்கிலமா, வேண்டாம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் படிப்பதன் லாபமே அங்கேதான். தெரியாத சொல்லை மவுஸால் தேர்வு செய்தால், பெரும்பாலான மின்னூல் சாப்ட்வேர்களில் அர்த்தம் காட்டும் வசதி இருக்கிறது. டிக்‌ஷனரியைத் தேடி எழுந்து போக வேண்டாம்.

தமிழில்?

தமிழில் இது புதிதே இல்லை. சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை நடத்தியவர். தன் புத்தகங்களைத் தானே அச்சடித்து, பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலையும் தானேதான் வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு 2001-இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் சுமந்த மூட்டையை இன்று ஒரு பென் டிரைவில் போட்டுவிடலாம்!

2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது. அதற்குப் பிறகு ஆசிரியர், வங்கி ஊழியர், இல்லத்தரசி என்று பலரும் தாங்களே நாவல் வெளியிடுகிறார்கள். இலவசமாக வேண்டும் என்றால் 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' வெப்சைட். தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். எழுத்தாளர்கள் விரும்பிக் கொடுத்த புத்தகங்கள் என்பதால் நீங்கள் தைரியமாக நண்பர்களுக்கும் அனுப்பலாம். ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாகத் தன் தளத்தில் எழுதிய 'வெண்முரசு' மகாபாரத நாவல் வரிசை இன்னொரு அதிசயம். மொத்தம் 26 நாவல்கள். ஆனால் ஸ்கிரீனில் படித்துப் பழகாதவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டாம். நீச்சல் கற்க நேரே கடலில் குதிப்பதுபோல ஆகிவிடும்.

குப்பையும் உண்டு

நண்பர்களின் கிண்டலில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தப் பதிப்பில் குப்பை ஏராளம். எழுத்துப்பிழை, பாதியில் பெயர் மாறும் கதாநாயகி, வேறெங்கோ சுட்ட அட்டைப்படம். இப்போது செயற்கை நுண்ணறிவு சாப்ட்வேரை வைத்து ஒரே நாளில் புத்தகம் தயாரிப்பவர்களும் வந்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அமேசான், ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புத்தகத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று! ஆயிரம் நாவலுக்கு மேல் எழுதிய நம்ம ராஜேஷ்குமாரே இதைக் கேட்டால் தலை சுற்றிப்போவார்.

நான் கடைப்பிடிக்கும் வழி எளிது. நட்சத்திர மதிப்பெண்ணை நம்புவதில்லை. சாம்பிள் என்று முதல் சில பக்கங்களை இலவசமாகக் கொடுப்பார்கள். அதை டவுன்லோடு செய்து படிக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் மூன்று பிழை இருந்தால் மூடிவிடுவேன். பிழை இல்லை, ஆனால் யார் என்ன செய்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும் மூடிவிடுவேன். சாம்பிள் தீரும் இடத்தில் "அடடா" என்று தோன்றினால் மட்டும் காசு. கடையில் சட்டையைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோமே, அதுபோல.

படிக்கும் சாப்ட்வேர் பற்றி ஒரு வார்த்தை. ஈபப் என்ற வகை ஃபைல்களைத் திறக்க 'கேலிபர்' என்ற இலவச சாப்ட்வேர் போதும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பி.டி.எஃப்.-ஐவிட ஈபப் நல்லது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே மடங்கி ஸ்கிரீனுக்குள் அடங்கும். பின்னணி நிறத்தைச் சற்று மங்கலாக்கிக்கொள்ளுங்கள், கண் உறுத்தாது.

பி.டி.எஃப். என்றதும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். "ஏன் காசு கொடுக்கிறாய், குரூப்பில் ஃப்ரீயாக வருதே" என்று யாராவது உங்களுக்கு ஃபைல் அனுப்புவார்கள். வாங்காதீர்கள். பெரிய பதிப்பகத்துக்கு நூற்றுக்கணக்கான புத்தகங்கள், ஒன்றில் போனால் இன்னொன்றில் எடுத்துவிடும். தனி எழுத்தாளருக்கு இருப்பது ஒன்றோ இரண்டோ. அட்டைக்கும் புரூஃபுக்கும் கைக்காசு போட்டிருக்கிறார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கிண்டிலின் ஒரு திட்டத்தில் சேர்ந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். யாரோ திருடிப் போட்ட பிரதிக்காக எழுத்தாளரே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று 2023-இல் சிலர் வெளிப்படையாகவே புகார் செய்தார்கள். பறிகொடுத்தவனையே ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவது போலத்தான் இது. ஒரு காபி, ஒரு வடை விலையில் கிடைக்கும் நாவலைத் திருடிப் படிப்பதை என்னால் சிக்கனம் என்று சொல்ல முடியவில்லை.

பிடித்த நாவலுக்கு, வாங்கிய இடத்திலேயே நான்கு வரி விமர்சனம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். இவர்களுக்கு போஸ்டரும் கிடையாது, டிவி விளம்பரமும் கிடையாது, இதுதான் எல்லாம். பல புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் எழுத்தாளரின் மெயில் முகவரி இருக்கும். பிழை ஏதும் கண்ணில் பட்டால் அதற்கு எழுதிப் போடுங்கள். ஃபைலைத் திருத்தி மறுபடி ஏற்றிவிட அவருக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு மென்னூல் வாசகர் எழுதிய மெயிலால்தான் செவ்வாய் கிரகத்து வேதியியலே சரியானது!